அமைவுத் தாள்: ஒரு சிறிய பந்தய டிரக்கின் வழியே கைத்திறனின் வரலாறு

பந்தயங்களின் வரலாற்றில் திரும்பத் திரும்ப எழும் சிக்கல் ஒன்று உண்டு. பணத்தால் விளையும் ஏற்றத்தாழ்வை விதிகளால் ஓரளவு குறைத்துவிடலாம். அறிவால் விளையும் ஏற்றத்தாழ்வை எதனால் குறைப்பது? அமெரிக்காவில் 2008க்குப் பின் வேகமாகப் பரவிய ‘ஷார்ட் கோர்ஸ் டிரக்’ என்னும் ரேடியோ கட்டுப்பாட்டு வண்டிப் பந்தயம், விளையாட்டுப் பொருளின் வரலாறு போலத் தோன்றினாலும், இக்கேள்வியைத் தெளிவாகக் காட்டும் சான்றாக அமைகிறது.

பெயரின் பின்னணியிலிருந்து தொடங்கலாம். மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில், டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை செல்லும் நெடும் பாலைவனப் பந்தயம் 1967இல் முதன்முறையாக முறைப்படி நடத்தப்பட்டது. அத்தகைய பந்தயத்தில், பார்வையாளர் ஓரிடத்தில் நின்றால் ஒரு வண்டியைச் சில நொடிகளே காண முடியும். அதே கரடுமுரடான தரையை ஒரு மூடிய சுற்றுக்குள் கொண்டுவரும் முயற்சியே குறுந்தடப் பந்தயம். விஸ்கான்சின் மாநிலத்தின் கிராண்டனில் 1970இல் பந்தயம் தொடங்கியது. மிக்கி தாம்ப்சன் 1979இல் லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியம் அரங்குக்குள்ளேயே மண்ணைக் கொட்டி மேடுகள் அமைத்து டிரக்குகளை ஓடவிட்டார். 1998இல் ‘சாம்பியன்ஷிப் ஆஃப்-ரோடு ரேசிங்’ என்ற தொடர் உருவானது. கூட்டத்தின் கண்முன்னே தாவி விழும் டிரக், ஒரு காட்சிப் பண்பாட்டின் அடையாளமாயிற்று.

சிறிய வண்டிகளின் வரலாறும் ஏறத்தாழ இதே காலத்தில் வளர்ந்தது. ஜப்பானின் டமியா நிறுவனம் 1979இல் ‘ரஃப் ரைடர்’, ‘சாண்ட் ஸ்கார்ச்சர்’ ஆகிய மண்தரை வண்டிகளை வெளியிட்டது. அவற்றின் ஈர்ப்பு உண்மை வண்டியைப் போன்ற தோற்றத்தில் இருந்தது. 1984இல் கலிபோர்னியாவின் டீம் அசோசியேட்டட் வெளியிட்ட ‘ஆர்சி10’ வேறு திசையில் சென்றது. அலுமினிய அடிச்சட்டமும் எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர்களும் கொண்டு, பந்தயத்தையே நோக்கமாக வைத்து அது வடிவமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்த உலகப் போட்டியில் இரு சக்கர இயக்கப் பிரிவை அது வென்றது. அதன்பின் வேகமும் தோற்றமும் பிரிந்தன. தாம்ப்சனின் அரங்கப் பந்தயங்களின் பெயரைத் தாங்கி 1990களில் வந்த ‘ஸ்டேடியம் டிரக்’ மாதிரிகள்கூடப் பெயரளவிலேயே டிரக்குகளாக இருந்தன. திறந்த சக்கரங்களும் தாழ்ந்த கூடும் கொண்ட அவற்றில் உண்மை டிரக்கின் சாயல் மிகக் குறைவு.

2008இல் டெக்சஸின் டிராக்ஸஸ் நிறுவனம் கொண்டுவந்த ‘ஸ்லாஷ்’ இந்தப் போக்கை மாற்றியது. பத்தில் ஒரு பங்கு அளவில், சுமார் 568 மில்லிமீட்டர் நீளமும் 296 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட இரு சக்கர இயக்க வண்டி அது. சக்கரங்களை மூடிய அகன்ற கூடு, முன்னும் பின்னும் பம்பர், உயரமான உடல் என அனைத்தும் உண்மைக் குறுந்தட டிரக்கை ஒத்திருந்தன. அது முழுமையாகப் பூட்டப்பட்டே விற்பனைக்கு வந்தது. பல உள்ளூர்த் தடங்களில் இதற்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது. ஒரே வண்டி, ஒரே வகை மோட்டார் என்பது அங்கே வழக்கமாயிற்று. கனத்த உடலும் மெதுவான திருப்பமும் குறைகளாக இருந்தபோதிலும், அனைவருக்கும் பொதுவான குறைகள் என்பதால் அவை ஒருவகைச் சமத்துவத்தையும் தந்தன.

ஆயினும் ஒரே கடையில் ஒரே விலைக்கு வாங்கிய இரு வண்டிகள் தடத்தில் ஒரே மாதிரி ஓடுவதில்லை. காரணம் கைவேலை. பூட்டி வந்த வண்டியை வாங்கியவர் பந்தயத்துக்கு வந்ததும் செய்யும் முதல் வேலை அதைக் கழற்றுவதுதான். ஷாக் அப்சார்பரைத் திறந்து, பழைய எண்ணெயைக் கொட்டி, புதிய சிலிக்கோன் எண்ணெயை ஊற்றி, பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் அசைத்துக் குமிழிகள் மேலெழும்வரை காத்திருக்க வேண்டும். காற்று உள்ளே தங்கினால் எண்ணெய் நுரைக்கும்; ஒவ்வொரு தாவலுக்கும் வண்டி ஒவ்வொரு விதமாக விழும். இடமும் வலமும் உள்ள இரண்டையும் விரலால் ஒருசேர அழுத்தி, திரும்பி வரும் வேகம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குக் கருவி எதுவும் இல்லை, விரல்தான் அளவுகோல்.

பெரிய டிரக்கின் அளவுகளைப் பத்தால் வகுத்துச் சிறியதற்குப் பயன்படுத்தவும் இயலாது. நீளம் பத்தில் ஒன்றாகலாம். புவியீர்ப்பு அப்படிக் குறைவதில்லை. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட ஏறத்தாழ 1.4 நொடி ஆகும். 1 மீட்டரிலிருந்து விழுவதற்கு 0.45 நொடி போதும். ஆகவே சிறிய வண்டியின் உலகில் எல்லாம் மூன்று மடங்குக்கும் மேலான விரைவில் நிகழ்கின்றன. அதன் ஸ்பிரிங்கும் எண்ணெயும் அந்த விரைவுக்கு ஏற்பத் தனியாகக் கண்டறியப்பட வேண்டியவை. உருவில் நகலாக இருந்த வண்டிக்கு அறிவில் நகலாக இருக்க வாய்ப்பில்லை.

கூடு தந்த சிக்கலும் அத்தகையது. சக்கரங்களை மூடிய அகன்ற கூடு, தாவும்போது அடியில் காற்றைப் பிடித்துக்கொண்டு பாராசூட் போல வண்டியின் மூக்கை மேலே தூக்கிவிடும். கூட்டின் பின்பகுதியில் துளைகள் வெட்டிக் காற்றுக்கு வழிவிடுவது ஓட்டுநர்களின் வழக்கமாயிற்று. காற்றில் இருக்கும்போதே மூக்கைச் சரிசெய்யும் வழியும் உண்டு. பிரேக் பிடித்தால் சுழலும் சக்கரங்களின் கோண உந்தம் உடலுக்கு மாறி மூக்கு தாழும். ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் மூக்கு உயரும். இயற்பியல் பாடநூலின் விதி ஒன்று, கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பழக்கமாகப் படிந்த இடம் இது.

இந்த அறிவு எவ்வாறு பரவியது என்பதே வரலாற்றாய்வாளருக்கு முதன்மையான கேள்வி. அதற்கான சான்று ‘செட்டப் ஷீட்’ எனப்படும் அமைவுத் தாள். அசோசியேட்டட், லோசி போன்ற நிறுவனங்கள் தம் வண்டிகளுக்கு வெற்றுத் தாள்களை அச்சிட்டுத் தந்தன. டயரின் வகை, தரையிலிருந்து உயரம், சக்கரச் சாய்வு, ஸ்பிரிங், எண்ணெய், பிஸ்டன், பல்சக்கரங்களின் பல் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு அதில் கட்டங்கள் இருந்தன. தடத்தின் பெயர், தரை களிமண்ணா புழுதியா, ஈரமா உலர்வா என்பதையும் நிரப்ப வேண்டும். வென்ற ஓட்டுநர்களின் நிரப்பிய தாள்களும் வெளியிடப்பட்டன. போட்டியாளர் தம் மறையறிவை எதிராளிக்கே எழுதிக் கொடுக்கும் இவ்வழக்கம், தொழில் மறைகளைப் பரம்பரைக்குள் காத்த கைவினைக் குழுக்களின் வரலாற்றோடு ஒப்பிடத்தக்கது.

ஆனால் தாள் எல்லாவற்றையும் சொல்வதில்லை. ‘30 எண்ணெய்’ என்று எழுதியிருந்தால், எந்த நிறுவனத்தின் 30 என்ற கேள்வி எழும். இந்த எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுபவை. காலைக் குளிரில் சரியாக இருந்த எண்ணெய் பிற்பகல் வெயிலில் இளகிவிடும். தாளை அப்படியே பின்பற்றிய புதியவரின் வண்டி முதல் திருப்பத்திலேயே புரள்வது அரிதன்று. அறிவியல் சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் 1974இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஒருவகை லேசர் கருவியை அச்சிட்ட கட்டுரைகளை மட்டும் படித்து எவராலும் இயங்கச் செய்ய இயலவில்லை என்றும், ஏற்கெனவே செய்தவர்களோடு பழகியவர்களாலேயே அது முடிந்தது என்றும் காட்டியது. பந்தயத் தடத்திலும் நிலை அதுவே. பக்கத்து மேசைக்காரர் ஷாக்கை வாங்கி அழுத்திப் பார்த்து, ‘இதில் காற்று இருக்கிறது’ என்று சொல்லும் நொடியில்தான் தாளின் எண்ணுக்குப் பொருள் கிடைக்கிறது.

சமத்துவத்தின் காலம் நீளவில்லை. 2009இல் அசோசியேட்டடின் ‘எஸ்சி10’ வந்தது. நான்கு சக்கர இயக்க வண்டிகள் தொடர்ந்தன. 2011இல் லோசி, எட்டில் ஒரு பங்கு அளவுப் பந்தய வண்டிகளின் நுட்பத்தைத் தழுவிய டிரக்கை வெளியிட்டது. எளியவருக்கென எழுந்த பிரிவு செலவு மிக்கதாயிற்று. 2010களின் நடுவில் பல தடங்களில் இப்பிரிவின் கூட்டம் குறைந்தது. உண்மை டிரக்குகளின் நிலையும் நிலையற்றதே. 1998இல் தொடங்கிய தொடர் 2008 பருவத்தோடு நின்றது. அதன் இடத்தை நிரப்ப 2009இல் தோன்றிய லூக்காஸ் ஆயில் தொடர் 2020 பருவத்தோடு முடிந்தது. நகலாகப் பிறந்த ஸ்லாஷ் தன் மூலத்தின் தொடர்களைக் கடந்தும் விற்பனையில் நீடித்தது.

பிரிவின் சரிவுக்கு விலையேற்றத்தை மட்டும் காரணமாகக் கொள்வது முழுமையாகாது. குறையுள்ள வண்டியைக் கைவேலையால் திருத்த முடிந்தவரை, அறிந்தவரிடம் புதியவர் சென்று கற்க வேண்டிய தேவை இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கும் பாகம் கடையில் கிடைத்தபோது அந்தத் தேவை தளர்ந்தது. பணத்தின் ஏற்றத்தாழ்வு விதிக்குக் கட்டுப்படக்கூடியது. அறிவின் ஏற்றத்தாழ்வு பகிர்வுக்கு மட்டுமே கட்டுப்படுவது. எண்ணெய்க் கறை படிந்த அமைவுத் தாள்கள் அந்தப் பகிர்வின் எழுத்துச் சான்றுகள். அவற்றை வாசிக்கத் தெரிந்த விரல்கள் இருக்கும்வரைதான் அவை முழுமையான ஆவணங்களாக இருக்கும்.