ஊக்க மருந்துகளும் உளச்சோர்வு எதிர்ப்பு மருந்துகளும்: இடைவினையின் வரலாறு

ஒரு மருந்து மற்றொரு மருந்தின் செயலை மாற்றுவது மருந்து இடைவினை எனப்படும். ஊக்க மருந்துகளுக்கும் சில உளச்சோர்வு எதிர்ப்பு மருந்துகளுக்கும் இடையிலான இடைவினை உயிருக்கே ஆபத்தானது. இதன் காரணத்தை விளக்க உதவிய பொருள்களுள் பாலாடைக்கட்டியும் (சீஸ்) ஒன்று.

இருவகை மருந்துகளின் தோற்றம்

ஆம்பெட்டமினை 1887ஆம் ஆண்டு பெர்லினில் உருமேனிய வேதியியலாளர் லசார் எடெலியானு உருவாக்கினார். 1930களில் அது 'பென்செட்ரின்' என்ற பெயரில் மூக்கடைப்பு மருந்தாக விற்கப்பட்டது. மற்றோர் ஊக்க மருந்தான மெத்தில்பெனிடேட்டு 1944இல் சிபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்பவரால் உருவாக்கப்பட்டது. அவருடைய மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்தே 'ரிட்டாலின்' என்னும் வணிகப்பெயர் பிறந்தது.

உளச்சோர்வு எதிர்ப்பு மருந்து தற்செயலாகக் கிடைத்தது. 1952இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் இப்ரோனியாசிட் என்னும் மருந்தை உட்கொண்ட காசநோயாளிகள் வியக்கத்தக்க உற்சாகம் அடைந்தனர். அது மோனோஅமீன் ஆக்சிடேசு என்ற நொதியைத் தடுப்பதும் அதே ஆண்டில் கண்டறியப்பட்டது. 1957இல் நேதன் கிளைன் முதலியோர் உளச்சோர்வுக்கு அதனைப் பயன்படுத்திப் பலன் கண்டனர்.

பாலாடைக்கட்டி தந்த துப்பு

இவ்வகை மருந்துகளை உட்கொண்ட சிலருக்குத் திடீரெனக் கடும் தலைவலியும் மிகை இரத்த அழுத்தமும் ஏற்பட்டன. சிலர் மூளை இரத்தக்கசிவால் இறந்தனர். தம் மனைவி பாலாடைக்கட்டி உண்ட பின்னரே தலைவலி வருவதாக இங்கிலாந்தைச் சேர்ந்த மருந்தாளுநர் ஒருவர் கடிதம் எழுதினார். முதலில் ஐயுற்ற இலண்டன் மாட்சிலி மருத்துவமனை மருத்துவர் பாரி பிளாக்வெல், பின்னர் நோயாளிகளின் உணவை ஆராய்ந்து 1963இல் இத்தொடர்பை வெளியிட்டார். பாலாடைக்கட்டியில் உள்ள டைரமின் என்னும் பொருளே காரணம் என்பது தெளிவாயிற்று. 1964இல் டிரானில்சிப்ரோமின் என்ற மருந்து அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டு, பின்னர்க் கட்டுப்பாடுகளுடன் அனுமதிக்கப்பட்டது.

செயல்படும் விதம்

நரம்பு முனையை ஓர் ஏரியாகக் கொள்வோம். அதில் தேங்கும் நீர் நார்எபிநெப்ரின். மிகுதியை வடியச் செய்யும் வடிகால் மோனோஅமீன் ஆக்சிடேசு. மருந்து வடிகாலை அடைத்துவிட்டால் ஏரி நிரம்பி வழியும் நிலைக்கு வரும். டைரமினும் ஆம்பெட்டமினும் மதகைத் திறப்பவை. நிரம்பிய ஏரியில் மதகைத் திறந்தால் வெள்ளம் பாய்வதுபோல இரத்த அழுத்தம் எகிறுகிறது. பழைய மருந்துகள் பலவும் நொதியை நிரந்தரமாக முடக்குகின்றன. உடல் புதிய நொதியை உருவாக்கக் காலம் தேவை. எனவேதான் அவற்றை நிறுத்திய பின் 14 நாள்களாவது கழித்தே ஊக்க மருந்து தரப்படுகிறது.

இன்றைய நிலை

1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற புளுவாக்சிட்டின் போன்ற புதிய மருந்துகளுக்கு இவ்வளவு கடுமையான தடை இல்லை. மருத்துவர் கண்காணிப்பில் இவை ஊக்க மருந்துகளுடன் சேர்த்தும் தரப்படுகின்றன. எனினும் புளுவாக்சிட்டின், பராக்சிட்டின் ஆகியவை ஆம்பெட்டமினைச் சிதைக்கும் கல்லீரல் நொதி ஒன்றைத் தடுப்பதால், இரத்தத்தில் அதன் அளவு உயரக்கூடும். செரோட்டோனின் மிகுந்து நடுக்கம், காய்ச்சல், மனக்குழப்பம் ஆகியன தோன்றவும் கூடும்.

மோனோஅமீன் ஆக்சிடேசு தடுப்பிகளை உட்கொள்வோருக்கு, கடையில் எளிதில் கிடைக்கும் சில சளி மருந்துகளும் ஆபத்தானவை. எனவே உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். அஞ்சித் தாமாகவே மருந்தை நிறுத்திவிடுவதும் தீங்கு தரும். நோயாளியின் வீட்டார் கவனித்துச் சொன்ன ஒரு செய்தியே பல உயிர்களைக் காத்தது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.