பசியும் பருவமும்: மணவூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. எல்லையும் வரையறையும்

திருத்தணி மலைக்குத் தென்கிழக்கே, சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் திருவாலங்காட்டை அடுத்து இருப்பது மணவூர். நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளையும் நிலம். திருத்தணி 1960 ஏப்ரல் முதல் நாளில் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை மாறினாலும் அடுப்பு மாறவில்லை. தமிழ் பேசும் வீட்டுக் களியும் தெலுங்கு பேசும் வீட்டுச் சங்கட்டியும் ஒரே கேழ்வரகில்தான் கிண்டப்படுகின்றன. வயதும் பருவமும் இவ்வட்டாரத்தாரின் பசியை எவ்வாறு மாற்றுகின்றன என்பதே நம் ஆய்வுப்பொருள்.

ஆய்வுக்கு நான்கு கருத்துகளைப் பிரித்துக்கொள்கிறோம். செலவான ஆற்றலை ஈடுசெய்ய உடல் எழுப்பும் தேவை உடற்பசி. மணம், நிறம், நினைவு ஆகியவற்றால் எழும் உண்ணும் விருப்பம் வேட்கை. எதை, எப்போது, எவ்வளவு, யாரோடு உண்பது என்று வீடும் ஊரும் வகுத்துவைத்திருக்கும் முறை உண்வழக்கு. சில காலம் உணவு குறைந்தபின், அந்தக் குறையை நிரப்பும் வரையில் வழக்கத்தை மிஞ்சி எழும் பசியை மீள்பசி என்போம். வேட்கை நாழிகைக்கு நாழிகை மாறும். உடற்பசி மாதங்களிலும் ஆண்டுகளிலும் மாறும். உண்வழக்கு மாறத் தலைமுறை வேண்டும். இந்த வேக வேறுபாட்டைக் கருதாமல் பசியைப் பற்றிப் பேசுவதால்தான் பல குழப்பங்கள் நேர்கின்றன.

2. வயதுப் படிகள்

சித்த மருத்துவம் வாழ்நாளை மூன்றாகப் பகுத்து முதற்பகுதியை வாதத்துக்கும், நடுப்பகுதியைப் பித்தத்துக்கும், இறுதிப்பகுதியைக் கபத்துக்கும் உரியதாக வைக்கும். ஆயுர்வேதம் முதலையும் முடிவையும் மாற்றிச் சொல்லும். அங்கே பிள்ளைப்பருவம் கபத்துக்கும் முதுமை வாதத்துக்கும் உரியவை. கபம் மிகுந்தால் மந்தாக்கினி, வாதம் மிகுந்தால் விஷமாக்கினி என்பது பொதுவிதி. முதியவரிடம் இரண்டையும் காண்கிறோம்: சிறிது உண்டதும் வயிறு நிறைந்துபோகும் மந்தம் ஒன்று, இன்று பசித்து நாளை பசிக்காத ஒழுங்கின்மை மற்றொன்று. முன்னதே பெரும்பான்மை ஆதலின் இவ்விடயத்தில் சித்தர் வகுப்பு பொருந்திவருவதாகக் கருதுகிறோம்.

இக்கால அளவீடு நான்கு படிகளைக் காட்டுகிறது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டோரின் அன்றாட ஆற்றல் செலவைத் திரட்டி 2021இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு இது. உடல் அளவோடு ஒப்பிட்டால், ஒரு வயதுக் குழந்தையின் செலவு பெரியவருடையதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பிறகு 20 வயது வரை அது படிப்படியாகக் குறைகிறது. 20 முதல் 60 வரை நிலையாக நிற்கிறது. 60க்குப் பின் மெல்லச் சரிகிறது.

முதற்படியில் ஒரு செய்தி மட்டும் விளக்கம் வேண்டுவது. மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை ஓராண்டில் ஒன்பது கிலோவை எட்டும்; அடுத்த ஆண்டு முழுவதும் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி தளரும்போது பசியும் தளர்கிறது. ஒன்றரை வயதுப் பிள்ளையைப் பற்றி, "புள்ள ஒண்ணுமே துன்ன மாட்டேங்குது" என்று இப்பக்கத்துத் தாய்மார் முறையிடுவது பெரும்பாலும் நோயைக் குறிப்பதன்று. பதின்பருவத்தில் நிலை தலைகீழ். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனக் கணக்குப்படி 16–18 வயது ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 3,320 கிலோ கலோரி வேண்டும்.

நடுவயதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது: நாற்பதைக் கடந்தால் உடம்பு தானே பெருக்கும் என்பர். மேற்சொன்ன அளவீடு இதற்கு ஆதரவு தரவில்லை. மாறுவது வயதைவிடத் தொழில். அதே நிறுவனக் கணக்கில் கடும் உழைப்பாளியான ஆணுக்கு 3,470, உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 2,110. கரும்பு வெட்டியவர் ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் காவல் வேலைக்கு மின்ரயில் ஏறும் நாளிலேயே உடற்பசி ஆயிரத்துக்கும் மேல் இறங்கிவிடுகிறது. தட்டில் விழும் சோறு இறங்குவதில்லை. அது உண்வழக்கின் பாற்பட்டது.

3. முதுமையின் பசிச்சுருக்கம்

நோயின்றியே முதுமையில் உணவு குறைவதைப் பசிச்சுருக்கம் என்கிறோம். 1988இல் அமெரிக்க முதியோர் மருத்துவர் ஜான் மோர்லி இதைத் தனி நிலையாக எடுத்துப் பேசினார். காரணங்கள் பல வாயில்களில் நிற்கின்றன. மூக்கில் மணம் உணரும் திறன் குறைய, அதனோடு வேட்கையும் குன்றுகிறது. வாயில் பல் போய், உமிழ்நீரும் வற்றுகிறது. நெடுநாள் உட்கொள்ளும் மாத்திரைகள் பல இதை மிகுவிக்கும். இரைப்பையின் மேற்பகுதி முன்போல் நெகிழ்ந்து கொடுப்பதில்லை. ஆகவே உணவு விரைவில் கீழ்ப்பகுதிக்குச் சென்று 'நிறைந்துவிட்டது' என்ற உணர்வை எழுப்புகிறது. நிறைவைத் தெரிவிக்கும் கோலிசிஸ்டோகைனின் என்னும் குடற்சுரப்பும் மிகுந்து நிற்கிறது. இவற்றோடு புறக்காரணமும் சேர்கிறது: பிள்ளைகள் விடியல் ரயிலுக்குப் போனபின் தனியே உண்பவர் குறைவாகவே உண்பார்.

இவை அனைத்தினும் முக்கியமானது ஒன்று. 1994இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் சூசன் ராபர்ட்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் இளைஞருக்கும் முதியவருக்கும் மூன்று வாரம் உணவு குறைக்கப்பட்டது. பின்னர் விருப்பப்படி உண்ண விட்டனர். இளைஞர் கூடுதலாக உண்டு இழந்த எடையை மீட்டனர், முதியவர் மீட்கவில்லை. நம் சொல்லில், முதுமையில் முதலில் மறைவது மீள்பசி.

4. பெரும்பொழுதுகள்

ஆவணியில் தொடங்கும் கார் முதல் ஆடியில் முடியும் முதுவேனில் வரை தமிழ் மரபு பொழுதுகளை ஆறாக வகுத்தது. பனிக்காலத்தில் செரிமானத் தீ வலுத்தும், கோடையிலும் மழையிலும் தளர்ந்தும் நிற்கும் என்பது மருத்துவ நூல்களின் பொதுக் கருத்து. இதை மணவூருக்கு அப்படியே பொருத்த இயலாது. இங்கே பனிக்காலக் குளிர் மென்மையானது. தைமாதப் பசியின் பெரும்பங்கு புதுநெல்லாலும் பச்சைமொச்சையாலும் வேர்க்கடலையாலும் வருவது. குளிரால் வருவது சிறுபங்கே. புரட்டாசியில் கறி விலகுவதும் கிருத்திகை, சஷ்டி விரதங்களும் உண்வழக்கைச் சேர்ந்தவை. உடற்பசியின் கணக்கில் வாரா.

வெப்பமோ இங்கே உண்மையான காரணம். கத்திரி வெயிலில் திருத்தணி 40 டிகிரி செல்சியசைக் கடப்பது வழக்கம். உண்ட உணவைச் செரிக்கும்போது அதன் ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்கு வெப்பமாக வெளிப்படும். வெளிவெப்பத்தைத் தள்ளத் திணறும் உடல் உள்வெப்பத்தை விரும்பாது, பசியைத் தாழ்த்துகிறது. அதற்கேற்ப வட்டாரம் கண்ட முறை செம்மையானது: காலையில் பழைய சோறும் நீராகாரமும், பகலில் மோர், நுங்கு, பதநீர், சின்ன வெங்காயத்தோடு கேழ்வரகுக் கூழ். நீரும் உப்பும் சேர்ந்து உள்ளே போகின்றன. ஆடியில் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் வரை இவ்வொழுங்கு நீடிக்கிறது.

பருவம் மாறும் இடங்களை ஆயுர்வேதம் ருதுசந்தி என்னும்: போகும் பருவத்தின் கடைசி ஏழு நாளும் வரும் பருவத்தின் முதல் ஏழு நாளும். பழைய வழக்கத்தை அந்நாள்களில் படிப்படியாக விடச் சொல்வது நல்ல நடைமுறை அறிவு.

5. வயதும் பொழுதும் சந்திக்குமிடம்

இப்போது இரண்டையும் இணைக்கலாம். கோடையில் எல்லோருக்கும் உணவு குறைகிறது. இளையவருக்கு ஆவணி மாலைகளில் இடிமழை வந்து வெம்மை தணியும்போது மீள்பசி எழுகிறது. சித்திரையில் இழந்தது ஐப்பசிக்குள் திரும்பிவிடும். அறுபதைக் கடந்தவருக்கு மழை வரும், மீள்பசி வராது. ஒவ்வொரு கோடையும் சிறிது தசையைக் கொண்டுபோகிறது, எந்தக் குளிர்காலமும் அதைத் திருப்பித் தருவதில்லை. "வயசானா அப்படித்தான்" என்று வீட்டார் சொல்வது, ஆண்டுதோறும் சேர்ந்துவரும் இவ்விழப்பைக் காணாததால்.

இங்கேதான் கூழைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல் தேவைப்படுகிறது. 40 கிராம் கேழ்வரகு மாவில் கரைத்த ஒரு சொம்புக் கூழ் தருவது ஏறத்தாழ 130 கிலோ கலோரி, மூன்று கிராம் புரதம். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 41 கிராம் புரதமேனும் வேண்டும். நிறைவுணர்வு விரைந்து வரும் வயிற்றில் நீர்த்த கூழ் இடத்தை அடைத்துக்கொள்கிறது. இரண்டு சொம்பு குடித்த முதியவர் "போதும்" என்கிறார், அவர் சொல்வதும் பொய்யன்று. களைத்துவந்த இளைஞனுக்கு அருமையான உணவு முதியவரைப் பட்டினி போடுவது இவ்வாறு. கூழை நிறுத்தும்படி நாம் சொல்லவில்லை. அதனோடு வேகவைத்து அரைத்த வேர்க்கடலை, கெட்டித் தயிர், முட்டை, குழைந்த பயறு என ஒன்று சேரவேண்டும். 30 கிராம் வேர்க்கடலையே ஏழு கிராம் புரதம் தரும். வெயில் ஏறுமுன் காலை எட்டு மணிக்குள் பெரிய வேளையை முடித்துவிடுவது நல்லது. மீதியைச் சிறுசிறு வேளைகளாக்கலாம். தாகமும் முதுமையில் மங்குவதால் கேட்காவிட்டாலும் நீர் தரவேண்டும். இதய, சிறுநீரக நோயுள்ளவருக்கு மட்டும் நீரளவை மருத்துவரிடம் கேட்க.

பங்குனி முடிவில் ஒருமுறையும் புரட்டாசித் தொடக்கத்தில் ஒருமுறையும் வீட்டு முதியவரை எடை பார்த்துக் குறித்துவையுங்கள். இடைப்பட்ட ஐந்து மாதத்தில் நூற்றுக்கு ஐந்து குறைந்திருந்தால், 50 கிலோ இருந்தவர் 47.5க்கு வந்திருந்தால், அதை வெயிலின் மேலும் வயதின் மேலும் போடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.