ஜீப்ரா கிராசிங்: எங்கு நிற்க வேண்டும், எப்போது முந்தக் கூடாது? சட்டம் கூறுவது என்ன?

புதுதில்லி: சாலையைக் கடக்கும் ஒருவருக்கு வழிவிட முன்னால் சென்ற வாகனம் நிற்கிறது. அது நின்றதற்கான காரணத்தை அறியாமல் பின்னால் வந்த வாகனம் அதை முந்திச் செல்கிறது. பாதசாரிகளுக்கென வெள்ளைக் கோடுகள் வரையப்பட்ட இடத்திலேயே விபத்து நேர்வதற்கு இச்சூழல் முக்கியக் காரணங்களுள் ஒன்றாக உள்ளது. ஜீப்ரா கிராசிங் எனப்படும் பாதசாரிகள் கடக்கும் பகுதியில் வாகனத்தை நிறுத்துவது, முந்துவது ஆகியவை தொடர்பான விதிகள் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அதன்கீழ் வகுக்கப்பட்ட ஒழுங்குமுறைகளிலும் பல இடங்களில் இடம்பெற்றுள்ளன. அவற்றின் தொகுப்பு வருமாறு:

உயிரிழப்போரில் ஐவரில் ஒருவர்

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் ஆண்டறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நிகழ்ந்த 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். அதாவது, சாலையில் உயிரிழந்த ஐவரில் ஏறத்தாழ ஒருவர் நடந்து சென்றவர். 2014-ஆம் ஆண்டில் பாதசாரிகளின் உயிரிழப்பு 12,330 ஆகப் பதிவாகியிருந்தது. 2023-ஆம் ஆண்டில் இந்த எண்ணிக்கை 35,000-ஐக் கடந்தது.

விதிகளின் பிறப்பிடம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 118-ஆவது பிரிவு, வாகனம் ஓட்டுவதற்கான ஒழுங்குமுறைகளை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. இதன்கீழ் முதலில் 'சாலை விதிகள் ஒழுங்குமுறைகள், 1989' நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்கு மாற்றாக, 'மோட்டார் வாகனங்கள் (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள், 2017' அந்த ஆண்டு ஜூன் மாதம் அறிவிக்கை செய்யப்பட்டன. தற்போது நாடு முழுவதும் இவையே பொருந்தும்.

பாதசாரிகள் கடக்கும் பகுதியை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். அங்குள்ளவர்களுக்கு ஆபத்தில்லை என உறுதியான பின்னரே உள்ளே நுழைய வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் விதிகள் கூறின. 2017-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் இக்கடமையை மேலும் தெளிவாக்கின.

சிக்னல் இல்லாத இடத்தில்...

போக்குவரத்து சிக்னலோ காவலரோ இல்லாத கடக்கும் பகுதியை நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, வாகனத்தை நிறுத்தி, பாதசாரிகளுக்கு வழிவிட வேண்டும். சக்கர நாற்காலியிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான வாகனத்திலும் செல்வோருக்கும் இந்த முன்னுரிமை உண்டு. ஒலிப்பானை ஒலித்து, கடப்பவரை விரைவுபடுத்துவது வழிவிட்டதாகாது.

வாகன நெரிசலின்போது மற்றொரு கட்டுப்பாடும் உள்ளது. முன்னால் செல்லும் வாகனங்கள் நின்றுவிட்டால், மறுபுறம் போதிய இடம் இருக்கிறதா என்பதை உறுதி செய்யாமல் கடக்கும் பகுதிக்குள் வாகனத்தைச் செலுத்தக் கூடாது. கோடுகளின் மீது வாகனம் நின்றுவிட்டால், பாதசாரிகள் அதைச் சுற்றிக்கொண்டு ஓடும் வாகனங்களுக்கு இடையே செல்லும் நிலை ஏற்படும் என்பதே இதற்குக் காரணம்.

நிறுத்தக் கோடு

சிக்னல் உள்ள இடங்களில் கடக்கும் பகுதிக்கு முன்பாகக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு வரையப்பட்டிருக்கும். இதுவே நிறுத்தக் கோடு. சிவப்பு விளக்கு எரியும்போதும், காவலர் நிற்குமாறு சைகை காட்டும்போதும் வாகனத்தின் எந்தப் பகுதியும் இக்கோட்டைத் தாண்டி நீளக் கூடாது. முன்சக்கரம் மட்டும் கோட்டைத் தாண்டி நிற்பதும் விதிமீறலே.

நிறுத்தக் கோட்டுக்கும் ஜீப்ரா கோடுகளுக்கும் இடையே விடப்படும் இடைவெளிக்குப் பயன் உண்டு. வாகனங்கள் சற்றுப் பின்தள்ளி நிற்கும்போது, அடுத்த தடத்தில் வரும் ஓட்டுநருக்கும் சாலையைக் கடப்பவருக்கும் இடையே பார்வை மறைக்கப்படுவதில்லை. பச்சை விளக்கு எரிந்த பின்னரும், ஏற்கெனவே கடக்கத் தொடங்கியவர் மறுபுறம் சேரும் வரை காத்திருப்பதே பாதுகாப்பான நடைமுறை.

முந்துவது ஏன் ஆபத்தானது?

நகரப் பேருந்து ஒன்று இடதுபுறத் தடத்தில் கடக்கும் பகுதிக்கு முன் நிற்கிறது எனக் கொள்வோம். இடது ஓரத்திலிருந்து சாலையில் இறங்குபவர் பேருந்தின் முன்பாக நடக்கிறார். பேருந்தின் அகலம் சுமார் 2.5 மீட்டர். விநாடிக்கு 1.2 மீட்டர் என்ற வழக்கமான நடை வேகத்தில், அந்த அகலத்தைக் கடக்க அவருக்கு ஏறத்தாழ 2 விநாடிகள் ஆகும். அந்த 2 விநாடிகளும், பேருந்தின் வலதுபுறமாக முந்தி வருபவரின் கண்ணுக்கு அவர் தென்படமாட்டார்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் தொலைவைக் கடக்கிறது. அவர் பேருந்தின் மறைவிலிருந்து வெளிப்படும்போது வாகனம் 14 மீட்டர் தொலைவில் இருந்தால், ஓட்டுநர் நிலைமையை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்கும் முன்பே அந்தத் தொலைவு தீர்ந்துவிடும். உயரம் குறைந்த சிறுவர்களை காரோ ஆட்டோவோ கூட முழுமையாக மறைத்துவிடும்.

நடுவே தடுப்பு அமைந்த சாலைகளில் இதே ஆபத்து எதிர்ப்புறத்திலும் உண்டு. தடுப்பிலிருந்து இறங்குபவரை வலதுபுறத் தடத்தில் நிற்கும் வாகனம் மறைக்கும். இடதுபுறமாக முந்தி வரும் இருசக்கர வாகனம் அவர் மீது மோதக்கூடும்.

முந்துவது குறித்த விதிகள்

பிற போக்குவரத்துக்கு இடையூறோ ஆபத்தோ விளையக்கூடும் எனில் முந்தக் கூடாது. முன்னாலுள்ள சாலை தெளிவாகத் தெரியாத இடத்திலும் முந்தக் கூடாது என்பவை 1989 முதலே நடைமுறையில் உள்ள அடிப்படை விதிகள். கடக்கும் பகுதியின் முன் நின்றுள்ள வாகனத்தை முந்துபவர் இவ்விரு விதிகளையும் மீறும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். வேகத்தைக் குறைத்து வழிவிடும் கடமை முதலில் வரும் வாகனத்துக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு தடத்திலும் வரும் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் அது தனித்தனியே பொருந்தும்.

சர்வதேச அளவிலும் இதற்கு வெளிப்படையான விதி உள்ளது. 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் 11-ஆவது பிரிவு, கடக்கும் பகுதியை நெருங்கும் வாகனத்தையோ அதன் முன் நின்றுள்ள வாகனத்தையோ முந்துவதைக் கட்டுப்படுத்துகிறது. பாதசாரி இருப்பின் உடனடியாக நிறுத்தக்கூடிய அளவுக்கு வேகம் குறைவாக இருந்தாலன்றி முந்தக் கூடாது என அது கூறுகிறது. இந்த உடன்படிக்கையில் இந்தியா 1980-ஆம் ஆண்டு இணைந்தது.

எனவே, கடக்கும் பகுதியின் முன் ஒரு வாகனம் நின்றாலோ வேகத்தைக் குறைத்தாலோ, அது பாதசாரிக்காகவே என்று கருதி, பின்னால் வருபவரும் வேகத்தைக் குறைத்து நிற்பதே சரியான செயல். முதலில் நிறுத்தும் ஓட்டுநர் பின்காட்டும் கண்ணாடியைப் பார்த்து, படிப்படியாக வேகத்தைக் குறைக்க வேண்டும். அடுத்த தடம் பாதுகாப்பாக உள்ளதா என அறியாமல் பாதசாரியைக் 'கடந்து செல்லுங்கள்' எனக் கையசைத்து அழைப்பதைத் தவிர்ப்பது நல்லது.

வாகனம் நிறுத்தவும் தடை

கடக்கும் பகுதியிலும் அதன் அருகிலும் வாகனத்தை நிறுத்திவைக்கக் கூடாது. சாலைச் சந்திப்பு, போக்குவரத்து சிக்னல், பேருந்து நிறுத்தம், பள்ளி மற்றும் மருத்துவமனை நுழைவாயில், நடைபாதை ஆகியவற்றுக்கும் இதே தடை பொருந்தும். நின்ற வாகனத்தால் பார்வை மறைவதால் உண்டாகும் ஆபத்தே இதிலும் உள்ளது. ஓரத்தில் நிறுத்தப்பட்ட சரக்கு வாகனம், சாலையில் இறங்கக் காத்திருப்பவரை முற்றிலும் மறைத்துவிடும். பயணிகளை ஏற்றி இறக்கச் சில நொடிகள் நிறுத்தினாலும் இந்த ஆபத்தில் மாற்றமில்லை.

பொது இடத்தில் பிறருக்கு ஆபத்தோ இடையூறோ ஏற்படும் வகையில் வாகனத்தை விட்டுச் செல்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு தடை செய்கிறது. தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்தப்பட்ட வாகனத்தை இழுத்துச் செல்லவோ சக்கரத்துக்குப் பூட்டு இடவோ 127-ஆவது பிரிவு வழிவகுக்கிறது. அதற்கான செலவை வாகன உரிமையாளரே ஏற்க வேண்டும்.

தண்டனைகள்

2019-ஆம் ஆண்டு மேற்கொள்ளப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, அபராதத் தொகைகள் உயர்த்தப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த முக்கியப் பிரிவுகள்:

* பிரிவு 177ஏ: ஓட்டுதல் தொடர்பான ஒழுங்குமுறைகளை மீறினால் ரூ.500 முதல் ரூ.1,000 வரை அபராதம்.

* பிரிவு 177: தனியாகத் தண்டனை குறிப்பிடப்படாத விதிமீறல்களுக்கு முதல்முறை ரூ.500 வரையும், மீண்டும் மீறினால் ரூ.1,500 வரையும் அபராதம்.

* பிரிவு 184: ஆபத்தான முறையில் வாகனம் ஓட்டுதல். சிவப்பு விளக்கை மீறுதல், நிறுத்தக் குறியீட்டை மீறுதல், சட்டத்துக்கு மாறாக முந்துதல் ஆகியவை இதில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டுள்ளன. முதல்முறை 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் அதே குற்றம் புரிந்தால் 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும்.

பிரிவு 184-இன்கீழ் குற்றம் புரிந்தவரின் ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றி, தகுதிநீக்க நடவடிக்கைக்காக உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்பவும் காவல் துறைக்கு அதிகாரம் உண்டு. சம்பவ இடத்திலேயே செலுத்தக்கூடிய இணக்கக் கட்டணத்தை மாநில அரசுகள் நிர்ணயிப்பதால், அத்தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும்.

உயிரிழப்பு நேர்ந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின்கீழ், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்காக 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கப்படலாம்.

கேமரா வழியே கண்காணிப்பு

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்ட் மாதம் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, மின்னணுக் கருவிகள் மூலம் விதிமீறல்களைப் பதிவு செய்ய வழிவகுக்கிறது. சிவப்பு விளக்கு மீறல், நிறுத்தக் குறியீடு மீறல், தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்துதல், சட்டத்துக்கு மாறாக முந்துதல் ஆகியவை இப்பட்டியலில் உள்ளன. விதிமீறல் நிகழ்ந்த 15 நாள்களுக்குள் அதுகுறித்த அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும்.

கடக்கும் பகுதி எங்கு தேவை?

பாதசாரிகளுக்கான வசதிகள் குறித்து இந்திய சாலைகள் காங்கிரஸ் தனி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டுள்ளது. இரு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட சாலையில் கடக்கும் பகுதி தேவையா என்பதை அறிய ஒரு கணக்கீடு உள்ளது. உச்ச நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கடக்கும் பாதசாரிகளின் எண்ணிக்கையை, அதே நேரத்தில் செல்லும் வாகனங்களின் எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நடுத்தடுப்பு இல்லாத சாலையில் இப்பெருக்கத்தொகை 10 கோடியை எட்டினால் கடக்கும் வசதி தேவைப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 400 பாதசாரிகளும் 500 வாகனங்களும் உள்ள சாலை இந்த அளவை எட்டுகிறது. நடுத்தடுப்பு உள்ள சாலைக்கு இந்த வரம்பு 20 கோடி.

உச்சநீதிமன்ற உத்தரவு

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன் 2012-ஆம் ஆண்டு தொடுத்த சாலைப் பாதுகாப்பு தொடர்பான பொதுநல வழக்கில், உச்சநீதிமன்றம் 2025 அக்டோபர் 7-ஆம் தேதி முக்கிய உத்தரவைப் பிறப்பித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவின்கீழ் பாதசாரிகள் தொடர்பான விதிகளையும், 210டி பிரிவின்கீழ் தேசிய நெடுஞ்சாலைகள் அல்லாத சாலைகளின் வடிவமைப்பு, பராமரிப்பு தொடர்பான விதிகளையும் 6 மாதங்களுக்குள் வகுக்குமாறு மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் நீதிமன்றம் அறிவுறுத்தியது. இவ்விரு பிரிவுகளும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சட்டத்தில் சேர்க்கப்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது.