துருவ ஒளியும் தீராத ஐயமும்

துருவப் பகுதிகளின் இரவு வானில் பச்சையும் சிவப்புமாக ஒளித்திரைகள் ஆடுகின்றன. ஒளி ஓர் அலை. அது ஒரே திசையில் மிகுதியாக அதிர்ந்தால், அதை முனைவாக்கம் என்கிறோம். தக்க வடிகட்டியைக் கருவியின் முன் சுழற்றினால், அத்தகைய ஒளி கூடிக் குறையும்; அவ்வேறுபாடே அளவு.

1959-இல் ஆஸ்திரேலியாவில் டங்கன் என்பவர், சிவப்புத் துருவ ஒளியில் முனைவாக்கத்தைக் கண்டதாக அறிவித்தார். அமெரிக்க அறிஞர் சேம்பர்லின் அதை ஏற்கவில்லை. காற்றில் ஒளி சிதறினாலும் முனைவாக்கம் தோன்றுமல்லவா? அரை நூற்றாண்டளவு ஐயம் தீரவில்லை. 2008-இல் பிரெஞ்சு அறிஞர் லிலென்ஸ்டன் குழுவினர், ஸ்வால்பார்டு தீவுகளில் அளந்து, அதே சிவப்பொளியில் அதைக் கண்டதாக வெளியிட்டனர். பின்னர் வந்த கணித மாதிரிகள், நகர விளக்கொளி காற்றில் சிதறிக் கருவிக்குள் நுழைவதையும் கணக்கில் சேர்த்தன.

பால்வெட்டும் கத்தியைத் தீட்டுவதுபோல், ஐயம் அறிவைத் தீட்டுகிறது. நம் பிள்ளைகள் "ஏன்?" என்று கேட்கும்போது, அவர்கள் வாயை அடைக்காதிருப்போம்.