இடாப்பும் செக்றோலும்

ஒரு சிற்றூரின் கல்வி நிலையை அறிய விரும்புவோர் முதலில் பரீட்சைப் பேறுகளையே வினவுவர். அப்பேறுகளுக்கு முந்திய கதையைக் கூறவல்லது பாடசாலையின் இடாப்பாகும். இலங்கையின் மலைநாட்டுத் தோட்டப் பாடசாலைகளின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

தென்னிந்தியாவிலிருந்து வந்து இலயங்களிற் குடியேறிய தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி நல்கும் பொறுப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எவரும் சட்டப்படி ஏற்றிலர். மிஷனரிமாரும் சில தோட்டத் துரைமாரும் நடத்திய பள்ளிகள் சிலவே இருந்தன. 1905 ஆம் ஆண்டில் வேஸ் என்பாரின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு நாட்டின் தொடக்கக் கல்வியை ஆராய்ந்தது. அதன்பின் எழுந்த 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், ஆறு வயதுமுதற் பத்து வயதுவரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதைத் துரைமாரின் கடமையாக்கிற்று. 1920 ஆம் ஆண்டின் சட்டம் அக்கடமையை மீண்டும் வலியுறுத்திற்று.

சட்டத்தின் நோக்கம் நன்று. ஆயினும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் அமைக்கக் கடமைப்பட்ட துரையே அப்பிள்ளையின் உழைப்பினாற் பயன்பெறும் நிருவாகத்தின் தலைவருமாயிருந்தார். பல தோட்டங்களில் ஒரே மண்டபத்தில் ஓர் ஆசிரியர் எல்லா வகுப்புக்களையும் நடத்தினார். விடியலில் தாய் பிரட்டுக்குச் சென்றபின், கைக்குழந்தையைக் காக்க மூத்த பெண் இலயத்தில் நின்றுவிட்டாள். வளர்ந்த பையனின் பெயரோ இடாப்பிலிருந்து நீங்கி, தோட்டத்தின் வேலைப் பதிவாகிய செக்றோலில் ஏறிற்று. இங்ஙனம் குன்றிய வரவை, கற்கும் ஆற்றலின் குறை என்று கொள்வது நீதியன்று.

கன்னங்கரா அவர்கள் கல்வி மந்திரியாயிருந்தபொழுது, 1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. எனினும் தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புடன் முடிந்தது. அதற்கு மேற்படிப்பு நகரத்திலேயே கிடைத்தது. நகரமோ நெடுந்தொலைவு. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலார் நாடற்றோராயினர். வாக்குரிமையும் பின்னர் இழந்தனர். அவர்களுக்காகச் சட்டசபையில் ஒலிக்கும் குரல் மெலிந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவி நன்கொடைப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தேயே நின்றன.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 ஆம் ஆண்டு முதல் அவற்றின் பாடசாலைகளையும் அரசாங்கம் படிப்படியாக ஏற்றது. 1980 இல் நாடெங்கும் இலவசப் பாடநூல் வந்தது. அத்தசாப்தத்திலேயே தோட்டத்து இளைஞர் பலர் ஆசிரிய நியமனம் பெற்றனர். ஐந்தாம் வகுப்பைக் கடந்தும் பல பாடசாலைகள் வளர்ந்தன. பட்டதாரிகளும் அதிபர்களும் இலயங்களிலிருந்து தோன்றினர். அதே மக்கள், அதே மலைகள், மாறியது வாய்ப்பொன்றே.

ஆதலின் ஒரு சிறு பாடசாலையை மதிப்பிடுவோர், பரீட்சைக்குத் தோற்றியோருள் எத்தனைபேர் சித்தியெய்தினர் என்று கேட்பதோடு அமையலாகாது. முதலாம் வகுப்பில் எழுதப்பட்ட பெயர்களுள் எத்தனை அப்பரீட்சை மண்டபத்தை அடைந்தன என்றும் கேட்டல் வேண்டும். இடையில் மறைந்த பெயர்களுக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டதே கல்வி.