கடைசி வரிசைக்கு எட்டிய ஒலி: மைசூர், பெங்களூர் இசை வரலாற்றில் மேடையும் வானொலியும்

கர்நாடக இசை 20ஆம் நூற்றாண்டில் அரண்மனையை விட்டு வெளியேறிய கதையைச் சென்னைச் சபாக்களின் வழியாகவே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். மைசூர் சீமையில் அந்தக் கதை வேறு வழியில் போனது. இங்கே ஓர் அரண்மனை, ஒரு பேராசிரியரின் வீடு, ஒரு தெருப் பந்தல் ஆகிய மூன்றும் ஒரே காரியத்தைச் செய்தன: கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதில் இசையைக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

முதலில் அந்தக் கடைசி வரிசை பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். பாடகர் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் பயின்ற வயலின் வித்வான் டி. சௌடய்யா (1895-1967) மேடையேறிய காலத்தில் மைக் கிடையாது. பாடகரின் குரல் ஓரளவு எட்டும். பக்கவாத்திய வயலின் பாதிக் கூட்டத்தோடு நின்றுவிடும். இதற்குச் சௌடய்யா கண்ட வழி எளிமையானது, துணிச்சலானதும்கூட. நான்கு தந்தி வயலினில் இன்னும் மூன்று தந்திகளைக் கட்டி ஏழு தந்தி வயலினாக்கினார். ஒரே வில்லிழுப்பில் ஒரு சுரம் இரு ஸ்தாயிகளில் சேர்ந்து ஒலித்தது; ஓசை தடித்தது. செம்பை வைத்தியநாத பாகவதரின் கணீர்க் குரலுக்கு ஈடுகொடுக்க அந்த நாதம் தேவைப்பட்டது. அவரது கருவியை ஒலிபெருக்கியின் முன்னோடி என்றே நான் கருதுகிறேன்.

இசைத்தட்டு இன்னொரு வழி. இந்தியாவில் 1902இல் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடிப் பெரும் புகழ் பெற்ற கௌஹர் ஜான், கடைசி நாட்களில் மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவில் இருந்து, 1930இல் மைசூரிலேயே காலமானார். ஆனால் 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் ஓடுவது சுமார் மூன்று நிமிடம்தான். ஒரு ராகத்தை விரிக்க அது போதாது. தட்டு வித்வானின் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோனது; கச்சேரியைக் கொண்டுபோக அதனால் முடியவில்லை.

அந்தக் குறையை வானொலி தீர்த்தது. மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் கற்பித்த பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி, 1935 செப்டம்பரில் தம் வீட்டிலேயே 30 வாட் ஒலிபரப்பி ஒன்றைக் கொண்டு நிலையம் தொடங்கினார். ஒரு குண்டு பல்புக்கு வேண்டிய மின்சாரம்தான் அது! 'ஆகாசவாணி' என்ற பெயர் அந்த வீட்டு நிலையத்துக்குத்தான் முதலில் வழங்கியது. அகில இந்திய வானொலி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது 1950களில். அதற்கு முன்பே வீட்டு நிலையத்தைச் சமஸ்தானம் ஏற்றிருந்தது. 1950இல் அது மத்திய அரசிடம் போனது. 1955 நவம்பரில் பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது.

வீட்டு நிலையம் தொடங்கிய அதே காலத்தில் பெங்களூர் சாமராஜப்பேட்டையில், அரசனும் அதிகாரியும் இல்லாத ஒரு முயற்சி வேர்விட்டது. 1939இல் எஸ். வி. நாராயணசுவாமி ராவ் என்ற சிறுவன், தெருப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு ராமநவமி கொண்டாடத் தொடங்கினான். அதுவே ராமசேவா மண்டலியாகி, கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ஆண்டுதோறும் வாரக்கணக்கில் நடக்கும் கச்சேரித் திருவிழாவாக வளர்ந்தது. எம். எஸ். சுப்புலட்சுமி முதல் பிஸ்மில்லா கான் வரை அந்தப் பந்தலில் இசைத்திருக்கிறார்கள். கச்சேரி ஏற்பாடு என்றால் வித்வானிடம் தேதி வாங்குவது, ரயிலடிக்குப் போய் அழைத்து வருவது, பக்கவாத்தியம் பொருத்துவது, வசூல், பந்தல், சித்திரை மழைக்கு மேலே தகரம் என்று எல்லாம் சேர்ந்ததுதான். இதை ஓர் ஆண்டு செய்யலாம். நாராயணசுவாமி ராவ் வாழ்நாள் முழுக்கச் செய்தார். உள்ளே சீட்டு வாங்கியவர்கள். வேலிக்கு வெளியே நடைபாதையில் சீட்டில்லாதவர்கள். ஒலிபெருக்கி இருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. ராமநவமியன்று கோசம்பரியும் பானகமும் விநியோகிக்கும் ஊரில், இசையும் அப்படியே வெளியே வழிந்தது இயல்புதான்.

மைக்கின் வரவால் அதிகம் பயனடைந்தது எது என்று கேட்டால், வீணை என்பேன். மெழுகில் பதித்த 24 மெட்டுகள். ஒருமுறை மீட்டியபின் தந்தியை இழுத்து இழுத்துக் கமகம் பேசவைக்க வேண்டும். அந்த இழுப்பில் நாதம் தேய்ந்துகொண்டே போகும். வாசிப்பின் உயிர் அந்தத் தேய்மானத்தில்தான் இருக்கிறது; பத்தடி தள்ளி உட்கார்ந்தால் அது கேட்காது. வீணை வித்வான் வெங்கடகிரியப்பாவின் சீடரும் மைசூர் ஆஸ்தான வித்வானுமான வி. துரைசாமி அய்யங்கார் (1920-1997) பெங்களூர் வானொலியில் இசைத் தயாரிப்பாளராகப் பணியாற்றினார். அரண்மனைக் கூடத்தில் சிலர் மட்டும் கேட்ட வாசிப்பு இப்போது ஸ்டுடியோவில் மைக்கின் முன் வந்தது. மைக் தந்திக்கு அருகில் இருக்கும்போது ஓங்கி மீட்ட அவசியமில்லை. அவருடைய மென்மையான மைசூர்ப் பாணி ஒலிபரப்புக்கென்றே பிறந்தது போலிருந்தது. சௌடய்யா தந்திகளைக் கூட்டித் தேடியதை இவர் விரலை மெலிதாக்கி அடைந்தார். வானொலி, இசைத்தட்டு, மேடை மூன்றிலும் அரை நூற்றாண்டு நிலைத்த அந்த வாழ்வுக்கு 1984இல் சங்கீத கலாநிதி விருது வந்தது.

வானொலி எல்லாருக்கும் ஒரே மாதிரி எட்டியது என்று சொல்ல முடியாது. பெங்களூர் சிட்டி ரயில் நிலையத்தின் தண்டவாளங்களை ஒட்டிய ஒக்கலிபுரம், அதை அடுத்த ஸ்ரீராம்புரம் போன்ற உழைப்பாளர் பேட்டைகளில் தமிழர் பெருமளவில் குடியேறியிருந்தார்கள். அவர்கள் கேட்க விரும்பிய திரைப்பாடல், தகவல் ஒலிபரப்பு அமைச்சராக பி. வி. கேஸ்கர் 1952இல் பொறுப்பேற்றபின் அகில இந்திய வானொலியில் ஒடுக்கப்பட்டது. அந்த இடத்தைக் கொழும்பு பிடித்தது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தகச் சேவையும் அதன் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனனின் குரலும் சிற்றலையில் கடல் தாண்டி வந்தன. 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலி விவித் பாரதி சேவையைத் தொடங்கியது இழந்த காதுகளை மீட்கத்தான். செவ்விசையை வளர்க்கும் நல்லெண்ணத்தில் எடுத்த முடிவு, மில் வேலை முடிந்து வருபவரின் மாலையை வெளிநாட்டு நிலையத்திடம் ஒப்படைத்தது. கேஸ்கரின் இந்தப் பிழையை இசை வரலாறுகள் மிக எளிதாக மன்னித்துவிடுகின்றன.

சௌடய்யாவின் நினைவாக 1980இல் பெங்களூரில் எழுந்த அரங்கம் வயலின் வடிவில் அமைந்திருக்கிறது. ஆயிரம் பேருக்கு மேல் அமரலாம். எங்கே உட்கார்ந்தாலும் கேட்கும். கோட்டைப் பள்ளி மைதானத்தில் பந்தல் இன்றும் ஒவ்வொரு ராமநவமிக்கும் எழுகிறது.