பாலாறு: அளவின் வரலாறும் தரத்தின் வரலாறும்

பாலாற்றைப் பற்றிய அரசு ஆவணங்களைப் புரட்டுபவருக்கு ஒன்று விரைவில் புலப்படும்: அவை பெரும்பாலும் நீரின் அளவையே பேசுகின்றன. 1892இல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பட்டியலில் பாலாறும் உண்டு. 2006இல் குப்பம் அருகே கணேசபுரத்தில் அணை கட்ட ஆந்திரம் முயன்றபோது தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. 2016இல் புல்லூர்த் தடுப்பணையின் உயரம் கூட்டப்பட்டபோதும் எழுந்த கேள்வி எவ்வளவு நீர் வரும் என்பதே. வருகின்ற நீர் எத்தகையது என்ற கேள்வியை வழக்காக்கியவர்கள் அரசுகள் அல்லர். கிணறு கெட்டுப்போன மக்களும் அவர்களுக்காகப் பேசிய ஒரு சிறு அமைப்பும்.

எல்லைக்கோடு இந்த ஆற்றுக்குப் புதியது. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர் சித்தூர்தான். சித்தூர் நகரை ஒட்டி ஓடும் நீவா நதியே தமிழ்நாட்டில் பொன்னையாறு எனப் பெயர் பெற்றுப் பாலாற்றில் கலக்கிறது. பாலாறோ கர்நாடகத்தில் தோன்றி, இன்றைய சித்தூர் மாவட்டத்தின் குப்பம் பகுதியில் ஏறத்தாழ 33 கிலோமீட்டர் கடந்து வாணியம்பாடிப் பக்கம் இறங்குகிறது. தோல் தொழில் அடர்ந்திருப்பது அங்கிருந்து கீழே: வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை.

இத்தொழில் பழையது, மாசு அதே அளவுக்குப் பழையதன்று என்பதே என் கருத்து. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலத்திலும் கழிவு இருந்தது, உப்பும் இருந்தது. ஆனால் பாதிப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு 1970களின் தொடக்கத்தில் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையாக்கிய தோலை ஊக்குவித்தது. அந்நியச் செலாவணியே நோக்கம். குரோமிய முறை வேகமாகப் பரவியது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் தேவைப்பட்டதாகப் பின்னாளில் நீதிமன்றம் குறித்தது. ஆகவே பழியை ஆம்பூர் முதலாளிகள் மீது மட்டும் சுமத்தும் வழக்கமான கதையாடல் எனக்கு உடன்பாடன்று. தில்லியின் கொள்கைக்கும் அதில் பங்குண்டு.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. அதன் நீர் மணலுக்கு அடியில் இருப்பது; ஊற்றுக்கால் வெட்டிப் பாசனம் செய்த மரபு அதனால் வந்தது. வறண்ட ஆற்றில் விடப்படும் கழிவு அடித்துச் செல்லப்படாமல் மணலில் இறங்கிக் கிணற்றில் ஏறுகிறது. ஆற்றின் மாசு முதலில் தெரிந்தது ஆற்றில் அன்று, கிணற்றில். எனவேதான் இப்போராட்டத்தின் சான்றுகள் கிணறுகளின் கணக்காக அமைந்தன. திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு தன்னார்வ அமைப்பு 13 கிராமங்களில் 467 கிணறுகளை ஆராய்ந்து, 350 கெட்டுவிட்டன என்றது. அந்த எண் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்றது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற்போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் மதிப்பீடும் அதில் உண்டு.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த அந்த வழக்கில் எம்.சி. மேத்தா வாதாடினார். ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு மிகுந்த ஆலைகள் புதிதாக வரக்கூடாது என்ற 1989ஆம் ஆண்டு அரசாணை இருக்கத்தான் செய்தது. அதற்கு உயிர் கொடுத்தது இவ்வழக்கு. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 28 ஆகஸ்ட் 1996 அன்று தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு வசதிக்குக் காலக்கெடு, சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு, இழப்பீட்டுக்குத் தனி ஆணையம் ஆகியவை அதன் விளைவுகள்.

சட்டக் கல்லூரிகளில் இத்தீர்ப்பு இரு கொள்கைகளின் பெயரால் மட்டுமே நினைக்கப்படுகிறது. கிராமங்களில் அதற்கு வேறு பொருள். ஆணையம் 2001லும் 2009லும் இழப்பீட்டை நிர்ணயித்தது. முதல் ஆணையில் மட்டும் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், ஒருவருக்குப் பத்தாயிரம்கூட வரவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன, ஆனால் இடர் அவற்றுக்குள்ளும் புகுந்தது: 2015 ஜனவரியில் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் மாண்டனர். இவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கிணறுகளின் கணக்கிலோ இழப்பீட்டுப் பட்டியலிலோ இடம்பெறாதவர்கள்.

30 ஜனவரி 2025 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பேசியது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. 2001, 2009 ஆணைகளின்படி இன்னும் தரப்படாத இழப்பீடு இருந்தால் ஆறு வாரத்துக்குள் அரசு வழங்கி, மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும் ஆணையிட்டது. மன்றம் மனு அளித்து அப்போது முப்பத்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.